யார் இன்னும் தயாராகவில்லை?

டிகிரி ரிசல்ட் வந்து மூன்று மாதம் ஆன பையனிடம் சொந்தக்காரர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள். 'தம்பி, இப்ப என்ன பண்ணிட்டிருக்கே?' அதையும் கல்யாணப் பந்தியில், இலை போட்ட பிறகு கேட்பார்கள். எழுந்து ஓடவும் முடியாது.

முப்பது வருஷத்துக்கு முன்னால் இதற்கு ஒரு ரெடிமேட் பதில் இருந்தது. 'எம்ப்ளாய்மெண்ட்ல பதிஞ்சிருக்கேன் மாமா.' மாமாவும், 'கார்டு வரும், கவலைப்படாதே' என்று சொல்லிவிட்டுப் பாயசத்துக்குப் போய்விடுவார். இப்போதைய பதில் வேறு. 'ஒரு கோர்ஸ் பண்ணிட்டிருக்கேன் மாமா.' பைத்தானோ, டாலியோ, மாமாவுக்குப் புரியாத இன்னொன்றோ. மாமா இதற்கும் தலையாட்டுகிறார்.

இரண்டு பதிலுமே 'வேலை இல்லை' என்பதைக் கௌரவமாகச் சொல்லும் வழிகள்தான். ஆனால், நடுவில் ஒன்று சத்தமில்லாமல் இடம் மாறியிருக்கிறது. முதல் பதிலில், குறை அரசாங்கத்திடம் இருக்கிறது: அது இன்னும் கார்டு அனுப்பவில்லை. இரண்டாவது பதிலில், குறை பையனிடம் இருக்கிறது: அவன் இன்னும் தயாராகவில்லை. படிப்பை முடித்தவனை வேலையில் கொண்டுபோய்ச் சேர்க்க அரசாங்கங்கள் போடும் திட்டங்களைப் பற்றி யோசிக்கும்போதெல்லாம் எனக்கு இந்த இடமாற்றம்தான் உறுத்துகிறது. வேலை கிடைக்காதது யாருடைய குற்றம்? இது பொருளாதாரக் கேள்வி மாதிரி தெரியும். கொஞ்சம் சுரண்டினால் அடியில் அறம் சார்ந்த கேள்வி இருக்கும்.

கார்டின் கதையைப் பார்ப்போம். இந்தியாவில் வேலைவாய்ப்பு அலுவலகங்கள் மாணவர்களுக்காக ஆரம்பிக்கப்பட்டவை இல்லை. 1945-ல் இரண்டாம் உலகப் போர் முடிந்து வீடு திரும்பிய சிப்பாய்களுக்கு வேலை தேடித்தர வந்தவை. 1948-ல் எல்லோருக்கும் கதவு திறந்தது. காலியிடங்களை எக்ஸ்சேஞ்சுக்குத் தெரிவித்தே ஆகவேண்டும் என்று 1959-ல் சட்டம் வந்தது. அந்தச் சட்டத்தில் ஒரு வேடிக்கை. 'காலியிடத்தைச் சொல்' என்றதே தவிர, 'இங்கிருந்துதான் ஆள் எடுக்கவேண்டும்' என்று அது சொல்லவில்லை. 1987-ல் சுப்ரீம் கோர்ட்டும் அதைத் தெளிவாக்கியது. 1996-ல் இன்னொரு தீர்ப்பு, எக்ஸ்சேஞ்சில் பெயர் கேட்டால் மட்டும் போதாது, பத்திரிகையிலும் விளம்பரம் கொடுத்து எல்லோருக்கும் வாய்ப்புத் தரவேண்டும் என்றது.

ஆனாலும் தமிழ்நாட்டில் அந்தப் பதிவுக்கு ஒரு மரியாதை இருந்தது. பத்தாவது, பிளஸ் டூ, டிகிரி என்று ஒவ்வொன்றாகப் பதிந்து, மூன்று வருஷத்துக்கு ஒருமுறை மறக்காமல் புதுப்பித்து, சீனியாரிட்டியைக் குலதெய்வம் மாதிரி காப்பாற்றிய குடும்பங்கள் எத்தனையோ. 'ரினியூவல் விட்டுட்டான் சார், பத்து வருஷ சீனியாரிட்டி போச்சு' என்று அழுத அப்பாக்கள் உண்டு.

அந்த முறையைச் சுலபமாகக் கேலி செய்யலாம். ஆனால், அந்தக் க்யூவுக்கு ஒரு நல்ல குணம் இருந்தது. வரிசையில் நின்ற யாரையும் பார்த்து அது 'நீ லாயக்கில்லை' என்று சொல்லவில்லை. 'உனக்கு முன்னால் ஆள் இருக்கிறது' என்று மட்டும் சொன்னது. நம்பிக்கையைக் கொடுத்து ஏமாற்றியது என்பது உண்மை. ஆனால், சுயமரியாதையில் கை வைக்கவில்லை.

இப்போது வருவது திறன்களின் காலம். மத்திய அரசு 2015-ல் பிரதமரின் திறன் மேம்பாட்டுத் திட்டத்தைக் கொண்டுவந்தது. தமிழ்நாட்டில் 2022 மார்ச் 1-ல், அப்போதைய முதல்வர் மு.க. ஸ்டாலின் 'நான் முதல்வன்' திட்டத்தை, வருஷத்துக்குப் பத்து லட்சம் இளைஞர்கள் என்ற இலக்கோடு தொடங்கினார். கல்லூரிப் பாடத்தோடு சேர்த்தே திறன் பயிற்சி. 2023-ல் 71 அரசு ஐ.டி.ஐ.க்களை டாடா டெக்னாலஜீஸோடு சேர்ந்து 2,877 கோடி ரூபாயில் நவீனப்படுத்தினார்கள். ரோபோ, சி.என்.சி. என்று போய்ப் பார்த்தால் ஐ.டி.ஐ.யா என்று சந்தேகம் வரும்.

இதையெல்லாம் 'சும்மா கண்துடைப்பு' என்று ஒதுக்குகிறவர்களோடு நான் சேரமாட்டேன். வீட்டில் முதல்முதலாகக் கல்லூரிக்குப் போன பெண்ணுக்கு, ஒரு பயோடேட்டாவை எப்படி எழுதுவது, எதிரே உட்கார்ந்து கேள்வி கேட்பவரின் கண்ணைப் பார்த்து எப்படிப் பேசுவது என்று சொல்லிக்கொடுக்க யார் இருக்கிறார்கள்? டாக்டர் வீட்டுப் பிள்ளைக்கு அது சாப்பாட்டு மேஜையிலேயே கிடைத்துவிடுகிறது. 2023-ல் நான் முதல்வன் திட்டத்தின் கீழ் ஆயிரம் பேருக்கு, சிவில் சர்வீஸ் முதல்நிலைத் தேர்வுக்குப் படிக்க மாதம் 7,500 ரூபாய் கொடுக்க ஆரம்பித்தார்கள். அந்தப் பணத்தைவிட, 'நீயும் ஆசைப்படலாம்' என்ற தகவல் பெரிது. ஆசைப்படுவதற்குக்கூட நம் ஊரில் ஒரு வசதி வேண்டியிருக்கிறது.

ஆக, பயிற்சி நல்லது. பிறகு என்ன சிக்கல்?

சிக்கல் கணக்கில் இருக்கிறது. 2024 ஜூனில் டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 தேர்வு நடந்தது. அறிவித்த இடங்கள் 6,244. விண்ணப்பித்தவர்கள் 20 லட்சத்துக்கும் மேல். ஒரு நாற்காலிக்கு முன்னூற்றிருபது பேர். பின்னால் இடங்களைக் கூட்டினார்கள். அப்போதும் ஒரு நாற்காலிக்கு இருநூறு பேருக்குக் குறையவில்லை. இதில் எல்லோருக்கும் பிரமாதமாகக் கோச்சிங் கொடுக்கிறோம் என்று வையுங்கள். என்ன ஆகும்? கட் ஆஃப் மார்க் ஏறும். வேலை கிடைத்தவர்களின் எண்ணிக்கையில் ஒன்றுகூட மாறாது. மியூசிக்கல் சேரில் எல்லோருக்கும் ஓட்டப் பயிற்சி கொடுத்தால் நாற்காலிகள் கூடிவிடாது.

பொருளாதாரம் தெரிந்தவர்கள் உடனே குறுக்கிடுவார்கள். 'சார், தனியார் துறை மியூசிக்கல் சேர் இல்லை. ஆள் இருந்தால்தான் கம்பெனி வரும். ஓசூருக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் கார் கம்பெனியும் மொபைல் கம்பெனியும் எதற்காக வந்தன? பாலிடெக்னிக்கும் ஐ.டி.ஐ.யும் முடித்த பிள்ளைகள் இங்கே இருந்ததும் ஒரு காரணம்தானே?' சரிதான். திறன், நாற்காலிகளைப் பெருக்கும். ஆனால், அதற்குப் பத்து வருஷம், இருபது வருஷம் ஆகும். தேசத்துக்குப் பத்து வருஷம் ஒரு திட்ட காலம். இருபத்திரண்டு வயதுக்காரனுக்கு அது அவனுடைய இளமை முழுவதும். 'நீ பயிற்சி எடு, உன் தம்பி காலத்தில் வேலை வரும்' என்று நேர்மையாகச் சொல்லிவிட்டால்கூடப் பரவாயில்லை. போஸ்டரில் அப்படிப் போடுவதில்லையே.

வேலை இல்லாவிட்டால் ஒரு மனிதனிடமிருந்து என்ன போகிறது? சம்பளம் போகிறது என்பது எல்லோருக்கும் தெரியும். வேறு என்ன போகிறது என்று தெரிந்துகொள்ள, ஆஸ்திரியாவில் வியன்னாவுக்குப் பக்கத்தில் இருக்கும் மரியென்தால் என்ற சிற்றூருக்குப் போகவேண்டும். அங்கே இருந்த ஒரே நூற்பாலை 1930 வாக்கில் மூடப்பட்டது. ஊரே வேலை இழந்தது. மரீ யஹோடா, பால் லாசர்ஸ்ஃபெல்ட், ஹான்ஸ் சைசல் என்ற மூன்று இளம் ஆய்வாளர்கள் தங்கள் குழுவோடு அந்த ஊரைக் கவனித்து 1933-ல் ஒரு புத்தகம் வெளியிட்டார்கள்.

வேலை இல்லாதவர்களுக்கு நேரம் ஏராளம். அதனால் நிறையப் படித்திருப்பார்கள் என்றுதானே நினைப்போம்? நூலகத்தில் புத்தகம் எடுப்பது ஏறக்குறையப் பாதியாகக் குறைந்திருந்தது. இத்தனைக்கும் கட்டணத்தைக்கூட எடுத்துவிட்டிருந்தார்கள். ஆய்வாளர்கள் ஜன்னலுக்குப் பின்னால் கடிகாரத்தோடு உட்கார்ந்து தெருவில் போகிறவர்களின் நடை வேகத்தை அளந்தார்கள். ஆண்கள் பெண்களைவிட மெதுவாக நடந்தார்கள், அடிக்கடி நின்றார்கள். பெண்களுக்கு வீட்டில் சமையலும் குழந்தையும் காத்திருந்தன. ஆண்களுக்காக எதுவும் காத்திருக்கவில்லை. காலையிலிருந்து என்ன செய்தாய் என்று கேட்டால் பலருக்குச் சொல்லத் தெரியவில்லை.

அமர்த்தியா சென் 1975-ல் வேலைவாய்ப்பைப் பற்றி எழுதிய புத்தகத்தில், வேலைக்கு மூன்று முகங்கள் உண்டு என்கிறார். ஒன்று வருமானம். இரண்டு உற்பத்தி. மூன்றாவது அங்கீகாரம்: உருப்படியான ஒரு காரியத்தில் நானும் ஈடுபட்டிருக்கிறேன் என்ற உணர்வு. தமிழக அரசு வேலையில்லாப் பட்டதாரிக்கு மாதம் 600 ரூபாய் உதவித்தொகை வைத்திருக்கிறது. பதிவு செய்து ஐந்து வருஷம் காத்திருந்திருக்கவேண்டும். அந்த 600 ரூபாய் முதல் முகத்துக்கு ஒரு பொட்டு வைக்கிறது, அவ்வளவுதான். பயிற்சி இரண்டாவது முகத்துக்கு உதவலாம். மூன்றாவது முகத்தை என்ன செய்வது? நாலாவது கோர்ஸின் சர்டிஃபிகேட்டை வாங்கிக்கொண்டு வீடு திரும்பும் பையனுக்கு அங்கீகாரம் கூடியிருக்குமா, குறைந்திருக்குமா?

'வேலைக்குக் கூப்பிட்டா வரமாட்டேங்கறானுங்க சார், சோம்பேறிப் பசங்க' என்று ஒரு கட்சி உண்டு. அதற்கும் பதில் பார்த்துவிடலாம். 2024 அக்டோபரில் மத்திய அரசு பிரதமரின் இன்டர்ன்ஷிப் திட்டத்தை ஆரம்பித்தது. நாட்டின் 500 பெரிய கம்பெனிகளில், 21 முதல் 24 வயது வரை இருப்பவர்களுக்கு ஒரு வருஷப் பயிற்சி. மாதம் 5,000 ரூபாய், சேரும்போது ஒருமுறை 6,000. ஐந்து வருஷத்தில் ஒரு கோடிப் பேர் என்பது இலக்கு. முதல் சுற்றில் 82,000-க்கும் மேல் வாய்ப்புக் கடிதங்கள் போயின. 'சரி' என்றவர்கள் சுமார் 28,000. கடைசியில் சேர்ந்தவர்கள் ஏறக்குறைய 8,700. பத்துப் பேரில் ஒருவர்.

பார்த்தீர்களா, சோம்பேறிகள் என்று சொல்லத் தோன்றும். கொஞ்சம் பொறுங்கள். இடம் தொலைவு, ஒரு வருஷம் நீளம், கொடுத்த வேலை பிடிக்கவில்லை என்று அரசுத் தரப்பே காரணங்களைச் சொன்னது. தர்மபுரிப் பெண்ணுக்கு வெளியூரில் இடம் வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஹாஸ்டல் வாடகைக்கே 5,000 சரியாகிவிடும். சாப்பாடு அப்பா கையிலிருந்து. வருஷ முடிவில் வேலை தருவோம் என்று யாரும் கையெழுத்துப் போடவில்லை. 'போய்ட்டு வந்து மறுபடியும் இதே திண்ணைதானேம்மா?' என்று அம்மாவிடம் கேட்கிற பெண்ணைச் சோம்பேறி என்பதா, கணக்குத் தெரிந்தவள் என்பதா? பணக்கார வீட்டுப் பிள்ளை இதே கணக்கைப் போட்டால் அதற்கு 'கேரியர் பிளானிங்' என்று பெயர்.

சரி, மறுப்பதற்கு உரிமை உண்டா? பிரிட்டனில் 1998-ல் டோனி பிளேர் அரசு 'நியூ டீல்' என்று ஒன்று கொண்டுவந்தது. 18 முதல் 24 வயதுக்காரர்கள் ஆறு மாதம் அரசு உதவித்தொகை வாங்கிவிட்டால், நாலு வழிகளில் ஒன்றைப் பிடித்தாக வேண்டும்: அரசு மானியம் தரும் வேலை, தொண்டு நிறுவனத்தில் வேலை, சுற்றுச்சூழல் பணி, அல்லது முழுநேரப் படிப்பு. வீட்டில் படுத்துக்கொண்டு பணம் வாங்குவது என்ற ஐந்தாவது வழி கிடையாது. மறுத்தால் உதவித்தொகை வெட்டு. கடுமைதான். ஆனால், இன்னொரு பக்கம் இருக்கிறது. அந்தச் செலவுக்கு, தனியார்மயமாகி லாபம் கொழித்த கரன்ட், தண்ணீர் கம்பெனிகள்மேல் ஒருமுறை வரி போட்டு ஐந்நூறு கோடி பவுண்டுக்கும் மேல் திரட்டினார்கள். பையனைக் கட்டாயப்படுத்தும் முன்னால் முதலாளியையும் கட்டாயப்படுத்தினார்கள். கடமையைச் சுமத்தும் உரிமை, தானும் கடமையைச் சுமப்பவனுக்குத்தான் உண்டு. நாலு வழியைத் திறந்து வைத்துவிட்டு ஐந்தாவதை மூடு. ஒரு வழியும் திறக்காமல் 'சும்மா இருக்காதே' என்பது உபதேசம் மட்டுமே.

இந்த விஷயத்தில் எல்லோரும் காட்டும் உதாரணம் ஜெர்மனி. அங்கே 1969-லிருந்து தொழிற்பயிற்சிக்கு ஒரு முழுச் சட்டம் இருக்கிறது. வாரத்தில் மூன்று நாலு நாள் கம்பெனியில் வேலை, ஒன்றிரண்டு நாள் பள்ளியில் பாடம். தொழில் வர்த்தகச் சபைகள் பரீட்சை நடத்துகின்றன. இதில் முக்கியமான விஷயம், வரிசை. முதலில் கம்பெனி அந்தப் பையனோடு ஒப்பந்தம் போடுகிறது, பிறகுதான் பயிற்சி ஆரம்பம். நம் ஊரில் முதலில் பயிற்சி, பிறகு கம்பெனிக்காகக் காத்திருப்பு. அங்கே முதல் நாளே ஒருவர் 'நீ எங்களுக்கு வேண்டும்' என்று எழுதிக் கொடுத்துவிடுகிறார். மூன்றாவது முகம் அங்கேயே தெரிந்துவிடுகிறது.

ஆனால், ஜெர்மனியைக் கண்ணை மூடிக்கொண்டு காப்பி அடிக்கவும் கூடாது. அங்கே பெரும்பாலான மாநிலங்களில் நாலாம் வகுப்பு முடிந்ததும், பத்து வயதிலேயே, இது காலேஜ் பக்கம் போகும் பிள்ளை, இது தொழில் பக்கம் போகும் பிள்ளை என்று பள்ளிகளைப் பிரித்துவிடுகிறார்கள். தமிழனுக்கு இதைக் கேட்டதும் ஒரு பழைய காயம் வலிக்கவேண்டும். 1953-ல் ராஜாஜி கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டத்தில், கிராமத்துப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் மூன்று மணி நேரம். மீதி நேரம் பெற்றோரின் தொழிலைப் பார்த்துக் கற்றுக்கொள்ளவேண்டும். 'குலக்கல்வி' என்று பெயர் வைத்து மாகாணமே எதிர்த்தது. 1954-ல் காமராஜர் முதல்வரானதும் அது கைவிடப்பட்டது.

'தொழில் கத்துக்கோ' என்பது அருமையான அறிவுரை. ஆனால், யார் யாரைப் பார்த்துச் சொல்கிறார்கள் என்பதைப் பொறுத்து அது அறிவுரையா, வேலியா என்பது மாறும். 'எல்லாரும் இன்ஜினீயர் ஆனா ஃபிட்டர் வேலையை யார் சார் பாக்கறது?' என்று கேட்கிறவரின் பிள்ளை பெரும்பாலும் இன்ஜினீயரிங் படித்துக்கொண்டிருப்பான். எனக்கு ஒரு சோதனை உண்டு. அந்தத் திட்டத்தை எழுதிய அதிகாரி தன் பிள்ளையை அதில் சேர்ப்பாரா? சேர்க்கமாட்டார் என்றால், ஏன் என்று அந்தக் காரணத்தைச் சரிசெய்யவேண்டும். கைத்தொழிலுக்குச் சம்பளம் குறைவா, மரியாதை குறைவா, மேலே போக வழி இல்லையா? மேலே போகும் வழியாவது நம்மிடம் ஓரளவு இருக்கிறது. ஐ.டி.ஐ. முடித்தவர் டிப்ளமோவில் நேராக இரண்டாம் வருஷம் சேரலாம். டிப்ளமோ முடித்தவர் பி.இ.யில் இரண்டாம் வருஷம் சேரலாம். பூட்டாத கதவுள்ள அறைக்குள் ஒருவரை அனுப்புவதில் தவறில்லை.

கடைசியாக, எனக்கு இருப்பதிலேயே பெரிய பாவமாகப் படுவது பொய்க் கணக்கு. 2015-லிருந்து 2022 வரை திறன் மேம்பாட்டுத் திட்டம் நடந்த விதத்தைப் பற்றிய சி.ஏ.ஜி. அறிக்கை 2025 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டது. பயிற்சி பெற்றவர்களின் வங்கிக் கணக்கு எண் இருக்கவேண்டிய இடத்தில், மிகப் பெரும்பாலானவர்களுக்குப் பூஜ்யமோ வெற்றிடமோதான் இருந்தது. சில இடங்களில் 11111111111 என்று ஒன்றுகளாகவே அடுக்கியிருந்தார்கள். சர்டிஃபிகேட்டை எண்ணினால் சர்டிஃபிகேட்தான் விளையும். வேலையை எண்ணியிருந்தால் வேலைக்காக அலைந்திருப்பார்கள்.

அரசுப் பணம் வீணாவது ஒரு நஷ்டம், அதைத் திரும்ப வசூல் செய்யலாம். 'இதை முடி, வேலை கிடைக்கும்' என்று நம்பவைத்து ஒரு பெண்ணின் ஆறு மாதத்தை எடுத்துக்கொண்டால், அதை எந்த ஆடிட்டராலும் திருப்பி வாங்கித் தரமுடியாது. அந்த ஆறு மாதத்தில் அவள் வீட்டில் மாப்பிள்ளை பார்க்க ஆரம்பித்திருப்பார்கள்.

அப்படியானால் அரசாங்கம் எல்லோருக்கும் வேலை கொடுத்தே தீரவேண்டுமா? நம் அரசியல் சட்டத்தின் 41-வது பிரிவு வேலைக்கான உரிமையைப் பேசுகிறது. ஆனால், 'பொருளாதார சக்திக்கு உட்பட்டு' என்று அடைமொழி போட்டு, கோர்ட்டில் கேட்கமுடியாத வழிகாட்டு நெறிகளில் வைத்திருக்கிறது. அரசியல் சட்டத்தை எழுதியவர்கள் கஜானாவைத் தெரிந்தவர்கள். விரும்பிய வேலையை, விரும்பிய ஊரில், எல்லோருக்கும் எந்த அரசாலும் தரமுடியாது. இதை இளைஞர்களும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். கிடைத்த பயிற்சிக்கு ஒழுங்காகப் போவதும், முதல் வேலை பிடிக்காவிட்டாலும் கொஞ்ச நாள் தாக்குப்பிடிப்பதும் அவர்கள் பங்கு.

ஆனால், கஜானா காலியாக இருந்தாலும் தரக்கூடியவை சில உண்டு. உண்மையைச் சொல்வதற்குச் செலவு கிடையாது. பாரத்தை முதலாளியோடு பகிர்ந்துகொள்ளச் சொல்லச் சட்டம் இருக்கிறது. 1961-ன் அப்ரன்டிஸ் சட்டமே முப்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களில் இத்தனை சதவிகிதம் பயிற்சியாளர்களை எடுத்தாக வேண்டும் என்கிறது. அதை ஒழுங்காக அமல்படுத்தினாலே போதும். அப்புறம், வேலை கிடைக்காதவனை 'நீ தயாராகவில்லை' என்று அனுப்பாமல், 'நாங்கள் இன்னும் தயாராகவில்லை' என்று ஒப்புக்கொள்ளும் நாகரிகம். அந்த ஒரு வாக்கியத்தில் அவனுடைய முதுகு நிமிரும்.

உங்கள் வீட்டுப் பிள்ளை ஏதாவது ஒரு பயிற்சித் திட்டத்தில் சேர விண்ணப்பத்தை நீட்டினால், கையெழுத்துப் போடும் முன் அந்த அலுவலகத்தில் மூன்று கேள்வி கேளுங்கள். போன பேட்ச்சில் எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது? என்ன சம்பளம்? ஒரு வருஷம் கழித்தும் அதே வேலையில் எத்தனை பேர் இருக்கிறார்கள்? எதிரே இருப்பவர் ஃபைலைப் புரட்டிப் பதில் சொன்னால் தைரியமாகச் சேர்த்துவிடுங்கள். 'அதெல்லாம் எங்களுக்குத் தெரியாதுங்க' என்றால், யார் இன்னும் தயாராகவில்லை என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.